எம்ரிஸ் ஐயாவுக்கு இரண்டு கட்டில்

"ஏம்மா, ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு கட்டிலு?" லாரிக்காரன் போனில் கத்தினான்.

மெரியலுக்கு முகம் சுட்டது. அரசு ஆஸ்பத்திரியையும் நகராட்சியின் முதியோர் பராமரிப்புப் பிரிவையும் ஒன்றாக இணைத்து வேலை வாங்குவதுதான் அவளுடைய புது உத்தியோகம். இடுப்பெலும்பு முறிந்து தேறிய எம்ரிஸ் பிரோபர்ட்டை வீட்டுக்கு அனுப்புவது முதல் பொறுப்பு. வேல்ஸ் மலையடிவாரத்தில் தனியாக வாழ்பவர். கட்டில் தர வேண்டியது அவர்கள்தான் என்று ஆஸ்பத்திரியும் நகராட்சியும் ஒன்றையொன்று கைகாட்டியதால், இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கெஞ்சியிருந்தாள். இரண்டு பக்கமும் இரங்கிவிட்டது.

"ஒண்ணைத் திருப்பி எடுத்துக்குங்க" என்று இரண்டு அலுவலகத்துக்கும் சொன்னாள்.

இரண்டு பேருமே எடுத்துக்கொண்டார்கள்.

மறுபடி கெஞ்சியதில் ஒரு கட்டில் வந்தது. ஆனால் இரண்டு அலுவலகமும் தனித்தனியாக அனுப்பியதால் குளிப்பாட்டும் பெண்கள் இரண்டு ஜோடியாகப் போனார்கள்.

"நாங்க துவட்டிவிட்டு நிமிர்ந்தா, இன்னொரு ஜோடி சோப்போட நிக்குதுங்க! தினமும் இதே கூத்து" என்று அவர்களில் ஒருத்தி போனில் புலம்பினாள்.

மூன்றாம் நாள் மேலதிகாரி ஹியூ கூப்பிட்டார்.

"அந்தப் பெரியவரை நீ பார்த்தியா?"

"வீட்டுக்குப் போயாச்சுன்னு கம்ப்யூட்டர்ல நான்தான் சார் பதிஞ்சேன்."

"ஆளைப் பார்த்தியான்னு கேட்டேன்."

மெரியல் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அன்றைக்கே மழையில் கிளம்பிப் போனாள். வழி நெடுகச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். கதவு திறந்திருந்தது. தலை படிய வாரி, பவுடர் மணக்க ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் ஒத்திகை எல்லாம் மறந்துபோயிற்று.

"எல்லாம் என் தப்புங்க ஐயா. உங்க முகத்தைக்கூடப் பார்க்காம, உங்களை ஒரு காகிதமா நினைச்சுட்டேன். ஒரே காலையில ரெண்டு தடவை குளிப்பாட்டியிருக்காங்களே... எனக்கு வெட்கமா இருக்கு."

"அழாத கண்ணு" என்று அவர் தன் டீக் கோப்பையை அவளிடம் நீட்டினார். "நல்ல பொண்ணுங்கதான். உட்காருன்னாங்க, உட்கார்ந்தேன். சட்டையைக் கழட்டுன்னாங்க, கழட்டினேன். சொல்ல வாயெடுத்தா முகத்துல சோப்புப் போட்டுடறாங்க."

"என்ன சொல்ல வந்தீங்க ஐயா?"

"நான் பக்கத்து வீடு கண்ணு, கட்டில் இறக்கக் கதவைத் திறந்துவிட வந்தேன், எம்ரிஸ் ஆஸ்பத்திரியில கோட்டு மாட்டிக்கிட்டு மூணு நாளா வீட்டுக்கு வர வண்டிக்குக் காத்திருக்கான்."