அழுத்தமற்ற கல்லூரி

வார்டில் பயிற்சி எடுக்கும் நர்சிங் மாணவிகளுக்கு இனிமேல் மன அழுத்தம் இருக்கக் கூடாது என்று கல்லூரி நிர்வாகம் ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானித்த பிறகும் இருந்தால் அது ஒழுங்கீனம் அல்லவா? ஆகவே தினமும் மாணவிகள் ஒருவருக்கொருவர் பிரஷர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதிகமிருந்தால் 'மன அமைதி வகுப்பில்' கண்மூடி உட்கார வேண்டும். விட்டுப்போன வார்டு வேலையை இரவில் ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டாதவளுக்குப் பரீட்சை கிடையாது.

முதல் வாரமே கல்லூரி முழுக்க நூற்றிருபதுக்கு எண்பது ஆகிவிட்டது. துணி அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதவளுக்கும் அதேதான்.

மாட்டிக்கொண்டவள் தராசு ஒருத்திதான். பொய் வாயில் வராது என்பதால் தோழிகள் வைத்த பெயர். தோழி "நார்மல்" என்றதும், "ஸ்டெத்தைக் குடுடி, நானே பார்க்கிறேன்" என்று பார்த்து, நூற்றைம்பது என்று உள்ளதைச் சொல்லித் தொலைத்தாள். பகலில் அமைதி, இரவில் வார்டு. பிரஷர் இன்னும் ஏறியது. அமைதி வகுப்பும் நீண்டது.

"மேடம், கொஞ்சம் தூங்கினா சரியாயிடும்."

"தூக்கம் ஹாஸ்டல் வார்டன் பொறுப்பும்மா. நான் அமைதிக்கு மட்டும்தான்" என்றார் கல்லூரி முதல்வர்.

"ஒரு நம்பரைச் சொல்லித் தொலையேன்டி!" என்று தோழி தலையில் அடித்துக்கொண்டாள். "இப்படியே போனா பரீட்சை அவ்வளவுதான். உங்கம்மாவுக்கு என்ன பதில் சொல்வே?"

தராசு சுவரோடு சாய்ந்து அழுதாள்.

'அழுத்தமற்ற கல்லூரி' விருது கொடுக்க உயரதிகாரி வந்தார். அமைதியில் அதிக அனுபவம் உள்ளவள் என்று தராசைத்தான் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"எனக்கும் பாரும்மா" என்று அதிகாரி சட்டைக் கையைச் சுருட்டினார்.

பார்த்தாள். இருநூறை நெருங்கியது. மறுபடி பார்த்தாள், அதே. நிமிர்ந்தால், அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் முதல்வர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார். அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது.

"நார்மல், சார்."

"பாத்தீங்களா!" அதிகாரி துள்ளி எழுந்தார். "டாக்டருங்க சும்மா மாத்திரையா எழுதித் தள்றாங்க. இன்னையோட நிறுத்திடறேன்!"

"சார், இன்னொரு தடவை..." என்று தராசு ஆரம்பிக்க, "அடுத்து நன்றியுரை!" என்றார் முதல்வர். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

அன்று மாலையே அவள் பயிற்சி முழுமையாக நிறைவேறியதாக முதல்வர் கையெழுத்துப் போட்டார். "இப்பதாம்மா நீ பக்குவமான நர்ஸ்" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். திங்கள் முதல் வெளிநோயாளிகள் பிரிவில் பிரஷர் பார்க்கும் மேசை அவளுடையது. வரிசையில் நிற்கும் நாமெல்லாம் தைரியமாகக் கையை நீட்டலாம்.