மூன்று ஜெபத்துக்கு ஒரு கஞ்சி

கர்த்தருக்குள் பிரியமான மகன் சத்தியராஜுக்கு, காரோட்டிலிருந்து அம்மை சுகிர்தபாய் எழுதுவது. வால்பாறைத் தோட்டத்தில் நீயும் மருமகளும் சுகமாயிருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. இங்கே பசு சுகம், தெங்கு சுகம், கூரை மட்டும் ஒழுகுகிறது. நான் சுகமில்லை. உன் மகள் புஷ்பபாயை வந்து கூட்டிக்கொண்டு போ. மலைக்குளிரில் மூச்சிளைப்பு வரும் என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். இங்கே பட்டினியால் போய்விடுவாள் போலிருக்கிறது.

நடந்ததைக் கேள். நான் வயலுக்குப் போகிற நேரம் பிள்ளை குளத்தங்கரைக்கு ஓடுகிறாள் என்றுதான் சந்தைப் பக்கத்தில் புதிதாய்த் தொடங்கிய குழந்தைப் பள்ளியில் விட்டேன். டீச்சர் ஸ்ரீகுமாரி கொல்லத்துக்கும் வடக்கேயிருந்து வந்தவள், ஒரு சொல் தமிழ் தெரியாது. எல்லை ஊர்வலத்தில் போலீஸ் அடித்த அடிக்குத் தலையில் கட்டோடு உன் மாமன் வேதமணி வந்து நின்றான். "அக்கா, நாங்க தாலுகாவத் தமிழ்நாட்டோட சேக்கணும்னு மண்ட ஒடஞ்சு கெடக்கோம், நீ பிள்ளைய மலையாளத்துக்குக் கொண்டு விட்டிருக்கியே?" என்றான். "உனக்க தாலுகா கெடைக்கட்டு, பிள்ளைய எடுத்துக்கிடுதேன். அதுவரைக்கும் குளத்துக்கு யாரு காவலு?" என்றேன். கோபித்துக்கொண்டு போனான். என் கல்யாணத்தன்றும் கோபித்துக்கொண்டுதான் போனான், நான் மறக்கவில்லை.

பள்ளியில் மத்தியானம் கஞ்சியும் பயறும் உண்டு. உன் மகளோ கஞ்சிக்கு முன்னால் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெரியவர்கள் ஜெபம் பண்ணி ஆமென் சொல்லாமல் நம் வீட்டில் யாராவது ஒரு பருக்கை தொட்டதுண்டா? அங்கே ஜெபம் பண்ண ஆளில்லை, பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை, கஞ்சி ஆறிப்போய், பக்கத்தில் இருந்த பிள்ளை அதையும் சேர்த்துக் குடித்துவிட்டது. தினமும் இதே கதை. டீச்சர் பார்த்தாள், வயிற்றில் பூச்சி என்று முடிவுகட்டினாள், விளக்கெண்ணெயைக் கொடுத்துவிட்டாள். பிள்ளை பட்ட பாட்டை எழுத இந்தக் காகிதம் போதாது.

மறுநாள் நானே போனேன். எனக்கு மலையாளம் தெரியாதென்றில்லை. ஒரு மலையாளக் குமாஸ்தா என்னைப் பாண்டிக்காரி என்று இளக்காரமாய்ச் சொன்ன நாள்முதல் அதைப் பேசுவதில்லை, அவ்வளவுதான். கஞ்சி வைக்கிற பொன்னப்பன் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொன்னான்.

"எனக்க பேத்திக்குப் பூச்சியாக்குமா? இவளுக்க மூளையிலதான் பூச்சி. சொல்லுலே."

எண்ணெய் கொடுத்ததற்குப் பாட்டி நன்றி சொல்கிறாள் என்று பொன்னப்பன் மலையாளத்தில் சொன்னான். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எலே, நான் சொன்னதச் சொல்லு!"

"சொல்லியாச்சு பாட்டி. மலையாளத்தில அது கொஞ்சம் சின்னதாக்கும்."

ஜெபம் விஷயத்தை மட்டும் பிசகாமல் சொன்னான். டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, குட்டி பிரார்த்திக்கயாயிருந்நோ!" என்று, பிள்ளை ஜெபமா பண்ணிக்கொண்டிருந்தாள் என்று, நெற்றியில் அடித்துக்கொண்டாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து நம் ஜெபத்தை என்னிடம் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணினாள். அவள் வாயில் நம் தமிழ் பட்ட பாடு ஆண்டவருக்கே விளங்கியிருக்காது. ஆனாலும் மறுநாள் பிள்ளை கஞ்சி குடித்தாள். அதோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்?

எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஆமென் சொல்லப் பழகி, நம் கிழக்கு வீட்டுத் தாணு பிள்ளையின் பேரன், நீறு பூசிய தாத்தாவின் இலைக்கு முன்னால் உரக்க ஒரு ஆமென் போட்டுவிட்டான். தாணு பிள்ளை பள்ளிக்குப் பாய்ந்து வந்தார். "தமிழு நல்லது, வேண்டாம்னு சொல்லல்ல. எங்க வீட்டுத் தமிழு வேறயாக்கும்!" என்றார். அந்தப் புண்ணியவதி டீச்சர், அப்படியானால் உங்கள் தேவாரத்தையும் சொல்வோம் என்று அதையும் பாடம் பண்ணினாள். பிறகு ஒரு நாயர் வீட்டம்மை வந்து, "அப்போ ஞங்ஙளுடெ நாமமோ?" என்றாள். அவர்கள் சாமி பேரைச் சொல்லிப் பாடுகிற அந்த நாமமும் சேர்ந்தது. பிள்ளை தன் வீட்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரக்கூடாது என்று டீச்சர் சொல்கிறாளாம். பொன்னப்பன் சொன்னது, பாதிதான் நம்பலாம். இப்போது மூன்றும் முடிவதற்குள் கஞ்சியில் ஆடை படிந்துவிடுகிறது. தமிழ் படித்த குற்றத்துக்கு அவள்மேல் யாரோ மேலிடத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறார்கள். மலையாள நாமம் சொன்ன குற்றத்துக்கு வேதமணியும் அவள்மேல் பல்லைக் கடிக்கிறான்.

இனிதான் என் சங்கடம். மூன்றையும் கேட்காமல் உன் மகள் வீட்டிலும் சாப்பிடமாட்டேன் என்கிறாள். நேற்று மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்து நம் ஜெபத்தைப் பண்ணினேன். கண்ணைத் திறக்கவில்லை. "பாட்டி, பாக்கி ரெண்டு?" என்கிறாள். சபையில் முன்வரிசையில் உட்காருகிறவள் நான். நாமத்தை எப்படியோ முணுமுணுத்துவிட்டேன், தேவாரத்துக்கு எங்கே போவேன்? முதுகில் ஒரு அடி வைத்தேன். அழக்கூட இல்லை மக்கா, கூப்பின கை கூப்பினபடியே இருந்தது. பட்டினியாகத்தான் படுத்தாள். எனக்கு ஒண்ணும் ஓடல்ல. போதகர் காதுக்குப் போகுமுன், பிள்ளை எலும்பாகுமுன், கிடைக்கிற முதல் பஸ்ஸில் வா.

மருமகளுக்கு என் அன்பு. போன மாதம் அவள் எனக்கு ஒரு வரிகூட எழுதாததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல். பனிக்கும் அட்டைக்கடிக்கும் விலக்கி ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மை சுகிர்தபாய்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பிள்ளை மறுபடி கை கூப்பி உட்கார்ந்தாள். வேலிப்பக்கம் போனேன். தாணு பிள்ளையின் சம்சாரம் உமையம்மாள் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பலாமரத் தகராறுக்குப் பிறகு எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை. மரத்தைப் பார்த்து, "ஒரு பிள்ள பட்டினி கெடக்கு. தேவாரம் தெரிஞ்சவங்க பாடலாம்" என்றேன். அவளும் மரத்தைப் பார்த்து, "கதவத் தொறந்து போட்டா உள்ள கேக்கும்" என்றாள். முழுசும் பாடினாள். முடியும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன், கூப்பவில்லை. பிள்ளை தட்டை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள். ஆகையால் நீ வரவேண்டாம். வந்தால் உன்னையும் சொல்லச் சொல்வாள். உனக்கு நம் வீட்டு ஜெபமே பாதிக்குமேல் வராது.