மாமனார் வீட்டு மாடிப்படி

முதல் விருந்துக்கு மாமனார் வீட்டுக்குப் போகிறவன், தன் தொழில் திறமையைக் கூடவே கொண்டுபோகக் கூடாது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

சேலத்தில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் பழைய அட்டை மாதிரிகளைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் வேலை. (அட்டை வீட்டு வைத்தியர் என்று கல்யாணத்திலேயே கேலி செய்துவிட்டார்கள்.) மாமனாருக்குக் கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற ஊரில், மிளகு விவசாயம். அதிகம் பேசமாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குப் பயம்.

அவர் கட்டப்போகும் புது வீட்டின் அட்டை மாதிரி பீரோ மேல் இருந்தது. மலைப் பனியில் ஊறிச் சுவர்கள் பிரிந்து, வெளிப்பக்க மாடிப்படி தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அதை அளந்துதான் கட்டுவாராம். மறுநாள் வருகிறாராம்.

"நான் சரி பண்ணித் தரேங்க மாமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில் பசை காய்ச்சினேன். கல்லூரியில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்போம். அத்தையின் சமையல் பாத்திரத்தில் விஷம் கலக்கப் பயந்து விட்டுவிட்டேன். படியைக் கழற்றிப் பசை தடவி, வாசலில் மிளகு காயும் பாயோரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால், வீட்டு வெள்ளாடு மாடிப்படி மொத்தத்தையும் தின்றுவிட்டுக் கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தது.

பையிலிருந்த எங்கள் கல்யாணப் பத்திரிகையை வெட்டி, மஞ்சள் தடவிய ஓரம் தெரியாமல் மடித்து, புது மாடிப்படி செய்தேன். ஆனால் அது எந்தச் சுவரில் இருந்தது என்பது பதற்றத்தில் மறந்துவிட்டது. பழைய பசைத் தடத்தையெல்லாம் தொழில் சுத்தமாக நானே துடைத்திருந்தேன். (வேலை தொடங்கும் முன் போட்டோ எடுக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறவன் நான்.) குத்துமதிப்பாக ஒட்டினேன். மாமனார் வந்து குனிந்து பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு வீடு வளர வளர என் பயமும் வளர்ந்தது. தளம் போட்டாச்சாம் என்று மனைவி சொன்ன அன்று சோறு இறங்கவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு மலையேறும்போது பஸ்ஸில் மற்றவர்கள் கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்தார்கள், நான் மாடிப்படிக்குப் பயந்தேன்.

பயந்தபடியே, சமையலறை ஜன்னலுக்குக் குறுக்கே படி ஏறியிருந்தது.

"மாமா, அந்தப் படி..." என்று ஆரம்பித்தேன்.

"ஆடு தின்னப்பவே பாத்துட்டனுங்க மாப்ள. மாத்திக் கட்டலாம்னு மேஸ்திரி கூடச் சொன்னாருங்க. மொத விருந்துக்கு வந்த மாப்ள கை வெச்சதை மாத்துனா, நீங்க கோவிச்சுக்கிட்டு ஊட்டுப் பக்கமே வராம போயிருவீங்களோன்னு பயமாப் போச்சுங்க. அப்படியே உட்டுட்டேன்."

அவரை நினைத்து நான் நடுங்கியதற்குக் குறையாமல் அவரும் என்னை நினைத்து நடுங்கியிருக்கிறார்.

இன்றும் அத்தைக்கு ஜன்னல் வழியாகத் தெரிவது மாடி ஏறுகிறவர்களின் கால்கள் மட்டும்தான். நான் ஏறினால், "மாப்ளைங்க காலு வந்துருச்சு, காப்பி வை கண்ணு" என்று என் மனைவியிடம் சொல்வார். வீடே சிரிக்கும். மாமனார் மட்டும் சிரிக்காமல், நான் கோபித்துக்கொண்டேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.