நான் தானம் கொடுத்த போலீஸ் வண்டி

தானம் செய்கிற குணம் எனக்கு உண்டா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். தானம் செய்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்கிற குணம் மட்டும் தாராளமாக உண்டு. எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நான் வாங்கிக் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் என் பெயர் இருக்கிறது. சுற்றும்போது படிக்க முடியவில்லையே என்று பூசாரியிடம் அதை நிறுத்தி வைக்கக்கூடக் கேட்டுப் பார்த்தேன் (அவர் சம்மதிக்கவில்லை).

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. திருநின்றவூர் ஏரிப் பக்கம் சகாயமேரி சிஸ்டர் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு அவ்வப்போது போய் வருவேன். அங்கே துரைக்கண்ணு என்று ஒரு பெரியவர். ஆவடி தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாளும் அவருக்குக் குமணன்சாவடியில் டயாலிசிஸ். வழக்கமாகக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் ஆட்டோவை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட, ஒரு திங்கட்கிழமை வண்டி கிடைக்காமல் தவறிப்போனது. வியாழனும் தவறினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குக் கொடுத்திருந்த நேரம் பகல் பன்னிரண்டு மணி. அரை மணி தாமதித்தால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும்.

போலீஸில் ஓடிக் கழித்த ஒரு ஜீப்பை நான் ஏலத்தில் எடுத்திருந்தது அந்தச் சமயத்தில்தான். இல்லத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். சிஸ்டர் கண் கலங்கிவிட்டார். அந்த வியாழன் காலை பத்து மணிக்கு ஒப்படைப்பது, அதே வண்டியில் பெரியவரைக் கூட்டிப்போவது என்று முடிவாயிற்று. பெயர் மாற்றுவதற்காக ஆர்.சி., ஏலத் தாள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன்.

சுழல் விளக்கையும் சைரனையும் ஏலம் விடும்போதே கழற்றியிருந்தார்கள். இரண்டு பக்கக் கதவிலும் 'காவல்' என்ற எழுத்து மட்டும் பாக்கி. பெயிண்டர் மூர்த்தி ஒழுங்கான தொழிலாளி.

"அண்ணே, எழுத்த நல்லா சொரண்டிட்டு ரெண்டு கோட்டிங் குடுத்துர்றேன்" என்றான்.

"வேணாம்பா. சொரண்டாத. மேலாக்க ஒரு கோட்டிங் போதும்."

"வெயில்ல எழுத்து தெரியும்ணே."

"தெரியட்டும்னுதான் சொல்றேன்."

ஏதோ ஒரு பழைய வண்டியைக் கொடுத்தான் என்று பேர் வாங்குவதற்கும், போலீஸ் வண்டியையே கொடுத்தான் என்று பேர் வாங்குவதற்கும் வித்தியாசம் இல்லையா? மூர்த்தி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டப்பாவை மூடினான்.

அதோடு விட்டேனா? போட்டோவில் எளிமையாகத் தெரிய வேண்டும் என்று பட்டறையில் போடுகிற காக்கிச் சட்டை, காக்கி பேன்ட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். என் மனைவி கலா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"வண்டியக் குடுக்கப் போறீங்களா, இல்ல யாரையாவது புடிக்கப் போறீங்களா?" என்றாள்.

அவளுடைய தம்பி பாபு பட்டாபிராமில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். அவனைக் காலையிலேயே இல்லத்துக்கு அனுப்பிவிட்டேன். "சாவி கை மாறுற அந்த செகண்ட எடுத்துடு. வேற எதையும் யோசிக்காத" என்று நாலு முறை சொல்லியிருந்தேன்.

நல்ல வெயில். ஆவடி தாண்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஹெல்மெட் இல்லாமல் எதிரே வந்தவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நடைபாதையில் கடை போட்டிருந்த அம்மா கீரைக்கட்டுகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டார். ஷேர் ஆட்டோ ஒன்று எனக்கு வழிவிட்டது. சி.டி.எச். சாலையில் இருபது வருடமாக ஓட்டுகிறேன், அதற்கு முன் ஒரு ஷேர் ஆட்டோவும் எனக்கு வழிவிட்டதில்லை. உள்ளுக்குள் நான் ஓரிரு அங்குலம் வளர்ந்திருப்பேன்.

ஒன்பதரை மணிக்கு நெமிலிச்சேரியில் ஒரு பெண்மணி நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இப்பத்தான் போன் பண்ணோம், அதுக்குள்ள வந்துட்டீங்க. இப்டி வாங்க சார்" என்றார்.

'நான் போலீஸ் இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் அதற்குள் யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். இன்னொருவர் பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார். நான் உட்கார்ந்து, "என்ன பிரச்சினை?" என்றேன்.

"இந்தாளு ஊட்டுத் தென்ன மரம் எங்க ஊட்டு ஷீட்டு மேல சாஞ்சிகினு கீது சார். நேத்து காய் உழுந்து ஷீட்டு ரெண்டா பூட்ச்சி" என்றார் அந்தப் பெண்மணி.

பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "உழுந்த காயி எங்கன்னு கேளுங்க சார். நேத்து இவங்க ஊட்ல தேங்கா சட்னி. தெருவே மணந்துச்சு."

இரு தரப்பையும் விசாரித்தேன். மரத்தை நேரில் பார்வையிட்டேன். ஷீட்டை அளந்தேன் (எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை). நடுவில் சகாயமேரி சிஸ்டர் மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் கட் செய்தேன். விசாரணை நடக்கும்போது போன் பேசுவது மரியாதையாக இருக்காதல்லவா? கடைசியில் எழுந்து நின்று, பெண்மணி வீட்டுப் பக்கம் விழுகிற காய் அவருக்கு, ஷீட்டு உடைந்தால் மாற்றித்தர வேண்டியது மரக்காரர் என்று தீர்ப்புச் சொன்னேன். கூட்டத்தில் பலரும் தலையாட்டினார்கள். நல்ல தீர்ப்புதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்போது பின்னால் உண்மையான போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஒரு பெண் எஸ்.ஐ. இறங்கினார், கூடவே இரண்டு கான்ஸ்டபிள்கள்.

எஸ்.ஐ. என் சட்டையைப் பார்த்தார், கதவில் இருந்த எழுத்தைப் பார்த்தார். "எந்த ஸ்டேஷன் சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"அம்பத்தூர் எஸ்டேட்டுங்க." அது பொய்யில்லை.

"அங்க யாரு இன்ஸ்பெக்டர்?"

"அங்க லேத் மட்டும்தாங்க மேடம்."

சோடா கொடுத்தவர் என் கையிலிருந்த பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

எஸ்.ஐ. கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். வண்டிக்குப் பேப்பர் கேட்டார். பேப்பர் திருநின்றவூரில் இருந்தது. மணி பத்தே கால். என்னை உள்ளே வைப்பார்களா என்பதைவிட, தோய்த்த வேட்டி கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் துரைக்கண்ணுதான் கண்முன் வந்தார். நாற்காலிக்கும் சோடாவுக்கும் ஆசைப்பட்டு ஒரு மனிதரின் உயிரோடு விளையாடிவிட்டேனே என்று அழுகை வந்தது. அழுதேன். அந்தத் தெருவே பார்க்க, காக்கி உடையில் அழுதுகொண்டே டயாலிசிஸ் விஷயத்தைச் சொன்னேன்.

எஸ்.ஐ. கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணின்னா இப்பவே போவணுமே. அங்கயே போய்ப் பேப்பரப் பாத்துக்கலாம். இவர ஓட்ட உடாதீங்க, பின்னாடி ஏத்துங்க" என்றார்.

இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே, நான் தானம் கொடுக்கப்போகும் வண்டியின் பின்சீட்டில், எஸ்.ஐ. ஓட்ட, போலீஸ் ஜீப்பை அதன் டிரைவர் பின்னால் ஓட்டி வர, நான் திருநின்றவூர் போய்ச் சேர்ந்தேன். சிஸ்டர் பேப்பரை எடுத்துக் காட்டினார். எஸ்.ஐ. ஒவ்வொரு தாளாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு சிஸ்டர். இந்தாங்க, வண்டி உங்களுது" என்று சாவியை அவர் கையில் வைத்தார்.

பாபு அந்த செகண்டை எடுத்துவிட்டான். வேறு எதையும் அவன் யோசிக்கவில்லை.

ஒரு கான்ஸ்டபிள் ஓட்ட, வெளிவட்டச் சாலை வழியாகப் பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது குமணன்சாவடியில் இறங்கினோம். பெரியவர் படுக்கையில் படுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்றைக்கே எழுத்து போயாக வேண்டும் என்று எஸ்.ஐ. உத்தரவு. நாலு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் பிளேடு வைத்துச் சுரண்டினேன். சிகிச்சை முடிந்து கைத்தாங்கலாக வந்த துரைக்கண்ணு ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

"இன்னும் 'ல்' பாக்கி கீது நைனா" என்றார்.

திருநின்றவூரில் இன்றைக்கும் அது 'எஸ்.ஐ. அம்மா குடுத்த வண்டி'தான். பாபு எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். எஸ்.ஐ. சிரித்தபடி சாவி கொடுக்கிறார், சிஸ்டர் கும்பிட்டு வாங்குகிறார், பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே வீங்கிய கண்களோடு ஒருவன் நிற்கிறான். அதன் நகல் ஒன்று எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேலும் இருக்கிறது. கலா ஒட்டியது.

போன பொங்கலுக்கு இல்லத்துக்குப் போயிருந்தோம். புதிதாக உதவி செய்ய வந்திருந்த ஒரு பெண்மணி, கூடத்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தபடி படத்தைப் பார்த்து, "நடுவுல நிக்கிறவர் யாருங்க?" என்று கேட்டார்.

துரைக்கண்ணு அன்று தெம்பாக இருந்தார். இத்தனை வருடத்தில் ஒரு வியாழன்கூட அவருக்குத் தவறியதில்லை.

"அவனா? இந்த வண்டியத் தள்ளிகினு பூட்டான். இந்தம்மாதான் புட்ச்சாந்து குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

கலா முதுகு குலுங்கத் திரும்பி நின்றுகொண்டாள். மறுத்துப் பேச வாயைத் திறந்த நான் பெரியவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அந்தப் பெண்மணி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.