ஐந்து மணிக்குள் ஒரு சீட்

வாய் கொப்பளிக்கும் தொட்டிக்குள் செல்போன் விழுந்தபோது மணி நாலு இருபத்தைந்து.

"ஐயோ, என் போன்!" என்று டாக்டரம்மா அலறினாள். நாற்காலியில் மல்லாந்து கிடந்த மனுஷருக்கு அலறக்கூட வழியில்லை. பாதி வாய் மரத்துக் கிடந்தது. மீதியை ரப்பர் ஷீட் மூடியிருந்தது. ஓட்டை விழுந்த ஒரே ஒரு கடைவாய்ப் பல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாலு வருஷமாக அடுத்தவர் கிளினிக்கில் பல் பிடுங்கிக்கொண்டே, இரண்டு தடவை பரீட்சை எழுதி, இப்போதுதான் அவளுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. எந்தப் பிரிவு என்று இன்றைக்கு ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் உறுதி செய்யவேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு. அப்பாவுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டும் படிப்புதான் உசத்தி. முதலாளி டாக்டரோ, வேர் சிகிச்சை படித்துவிட்டு வந்தால் தனி அறையே தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு பேரிடமும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டி வைத்திருந்தாள். ஆசையெல்லாம் குழந்தைகள் பல் மருத்துவத்தின் மேல். விரலைக் கடித்து வைத்துவிட்டு, போகும்போது சமர்த்தாக டாட்டா காட்டும் வாண்டுகள் என்றால் அவளுக்கு உயிர்.

மத்தியானத்திலிருந்து நெட் இல்லை. சரிபண்ண ஆள் வரட்டும், அதற்குள் ஒரு வேலையை முடிப்போம் என்று, நாலு மணி நோயாளியை வாசலிலேயே மடக்கி, கையோடு கூட்டிவந்து சாய்த்தாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஓட்டை தெரிந்தது. ஊசி போட்டாயிற்று. ஊசியைப் பார்த்ததும் எல்லாருக்கும் திடீரென்று ஏதாவது சொல்லத் தோன்றுவது வழக்கம்தானே!

சரி, போனிலேயே முடித்துவிடலாம் என்று ஒரு கையில் துளைக்கும் கருவியும் மறு கையில் போனுமாக நின்றதன் பலன், தொட்டி.

"நர்ஸக்கா! நெட்காரர் வந்தாரா இல்லையா?"

"அப்பவே வந்துட்டாரு டாக்டர். நெட் பெட்டி முன்னாடிதான் நாற்காலி போட்டு உட்கார வெச்சிருக்கேன்."

"என்ன சொல்றாரு?"

"வாயே திறக்கல. கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு யோசனையா இருக்காரு. பெரிய கோளாறு போல."

நாற்காலி மனுஷர் "ம்ம்! ம்ம்!" என்று வாசல் பக்கம் கையை ஆட்டினார்.

"வலிக்குதா சார்? இதோ." இன்னொரு ஊசி.

அவர் மடியிலிருந்த கறுப்புப் பையைத் துழாவினார்.

"உங்க பையை யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க சார்" என்று அதைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

நாலு முப்பத்தைந்து. மேஜை போனிலிருந்து வீட்டுக்கு அடித்தாள்.

"அப்பா, கம்ப்யூட்டரைத் திறங்க. குழந்தைகள் பல் மருத்துவம்னு இருக்கும். அதை அமுக்குங்க."

"என்னது? பால் பல்லு எப்படியும் விழத்தானே போகுது? அதுக்கு மூணு வருஷப் படிப்பா?"

"அப்பா, சண்டையை சாயங்காலம் வெச்சுக்கலாம். அமுக்குங்க!"

"கம்பி கட்டுறதுதான் கௌரவம். சரி, சரி, அழாதே. அமுக்கிட்டேன். உன் போனுக்கும் மெயிலுக்கும் ஏதோ நம்பர் அனுப்பியிருக்காங்களாம். சொல்லு."

டாக்டரம்மா தொட்டியைப் பார்த்தாள். போன் இருண்டு கிடந்தது. கிளினிக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறக்கலாமென்றால் நெட் இல்லை.

"அக்கா, அந்தப் பெட்டியை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க!"

நர்ஸக்கா அணைத்தாள். பெட்டியை அல்ல, மெயின் சுவிட்சை. விளக்கு போயிற்று, விசிறி போயிற்று. நாற்காலி, தலை கீழேயும் கால் மேலேயுமாக அப்படியே நின்றுவிட்டது. மறுபடி போட்டபோது எல்லாம் வந்தது, நெட்டைத் தவிர. மனுஷர் இப்போது இரண்டு கைகளாலும் காற்றில் எதையோ பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக் காட்டினார்.

"பல்லைப் பிடுங்கவே வேண்டாம் சார், காப்பாத்திடலாம்" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு வெளியே ஓடினாள்.

நாலு ஐம்பது. பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. எதிரே அந்த ஆள், கன்னத்தில் வைத்த கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" அவள் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். "என் நாலு வருஷ உழைப்பு இந்தப் பெட்டியில தொங்குது. இன்னும் பத்தே நிமிஷம். தொழில் தெரியாட்டா தெரியாதுன்னு சொல்லித் தொலைங்களேன்!"

அவர் மெதுவாகக் கையை எடுத்தார். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பல்லைக் கடித்தபடியே முனகினார்:

"வாயைத் திறந்தா உயிர் போகுது டாக்டர்... நாலு மணிக்குப் பல் காட்ட வந்தவன் நான். நெட் சரிபண்ண வந்தவரைத்தான் நீங்க கையப் புடிச்சு உள்ளே இழுத்துட்டுப் போனீங்களே!"