காற்று பிரியவில்லை

"காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டார் டாக்டர்.

கட்டிலில் கிடந்த மாமா கூரையைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளைதான் இல்லையென்று தலையசைத்தான்.

"குடலை வெட்டித் தைச்சிருக்கோம். காத்து வெளியே வந்தாத்தான் குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். வரலைன்னா மறுபடி திறந்து பாக்கணும்."

மறுபடி திறந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றிய விதத்தில் தெரிந்தது.

மனைவியின் அப்பா. அவனுக்கு மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். இதே ஆஸ்பத்திரியில், அவன் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள். இந்த முறை அவன் நாற்காலியை விட்டு நகரவில்லை. கழிவறை எதிரிலேயே இருந்தது. அங்கேயும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே போனான்.

மாமாவும் மரியாதையில் குறை வைக்கவில்லை. டிரிப்ஸ் ஏறும்போதுகூடச் சட்டைப் பொத்தானைப் போட்டிருந்தார். மாப்பிள்ளை எதிரில் அவர் காலை நீட்டியதே கிடையாது. இப்போதும் முழங்காலை மடக்கித்தான் படுத்திருந்தார்.

டயட்டீஷியன் ஒரு டப்பா நார்ப்பொடி கொண்டுவந்தாள்.

"இது அவருக்கில்லை சார். குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கு. அதுங்க நல்லாச் சாப்பிட்டா, தையல் போட்ட இடம் சீக்கிரம் ஆறும்."

"எனக்கே வெறும் தண்ணிதான். அதுங்களுக்கு விருந்தா?" என்றார் மாமா.

"குடிங்க மாமா. கோடிக்கணக்குல இருக்காம். பட்டினி போடக் கூடாது."

"பெத்த ஒண்ணையே காப்பாத்த முடியலை, மாப்பிள்ளை."

அவன் பொடியைக் கரைத்துக் கொடுத்தான். திரும்பி நின்று டம்ளரைக் கழுவும்போது, மாமா பக்கத்துக் கட்டில் ஹெர்னியாக்காரரிடம் ஏதோ கிசுகிசுத்தார். அவன் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் வயிறு உப்பியது. பொடி போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு கரண்டி கலக்கினான். வயிறு பந்தாகிவிட்டது.

"யாரு சார் அவ்வளவு போடச் சொன்னது?" டயட்டீஷியன் தலையில் கைவைத்தாள். "அதுங்க சாப்பிட்டா வாயு வரும். அவரைக் கொஞ்சம் நடக்க வைங்க."

தோளோடு அணைத்து வராந்தாவில் நடத்தினான். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"வலிக்குதா மாமா?"

"இல்லை. நீங்க போய் ஏதாவது சாப்பிடுங்களேன், மாப்பிள்ளை."

"உங்களை விட்டுட்டு எங்கேயும் போகமாட்டேன்."

மாமாவின் கண்ணோரம் ஒரு சொட்டு உருண்டது. அவன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டான். கட்டிலுக்குத் திரும்பியதும் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டான்.

மறுநாள் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "தியேட்டரை ரெடி பண்ணச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். மனைவியுடையதைப் போலவே மெலிந்த விரல்கள். விடவே பயமாக இருந்தது.

ஹெர்னியாக்காரர் திரையை விலக்கினார்.

"தம்பி, அவர் பிழைக்கணும்னா கீழே போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. மாப்பிள்ளை முன்னாடி எப்படின்னு மனுஷன் அடக்கிக்கிட்டே கிடக்கிறாரு."