மர்சூக்கின் ஐஸ்கிறீம் பத்தியம்

தொண்டைப் புண் ஆறவே கூடாது என்று துஆக் கேட்ட ஒரே மனிதர் கல்முனைக்குடி மர்சூக்காகத்தான் இருக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்குச் செய்கிற டொன்சில் ஒப்பரேசன் அவருக்குத் தாடி நரைத்த பிறகு நடந்தது. வார்ட்டில் பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் பால் பல் விழாத நோயாளிகள். ஆனால் டொக்டர் சொன்ன பத்தியத்தைக் கேட்டதும் மர்சூக்குக்குப் பாதி நோவு போய்விட்டது. உறைப்பு, சூடு, முறுகல் ஒன்றும் கூடாது. ஆறின கஞ்சி, யோகட், ஐஸ்கிறீம் நல்லது. வாய் திறந்து கதைப்பதைக் குறைக்க வேண்டும்.

அவருடைய தொந்தியைக் காட்டிச் சீனிப் போத்தலையே ஒளித்து வைத்தவள் மனைவி றாஹிலா. வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. ஆகவே ஃபிரிட்ஜ் சாவியும் அவளிடம். அப்படிப்பட்டவள் இப்போது தன் கையாலேயே அள்ளிக் கொடுத்தாள். காலையில் வனிலா, பின்னேரம் இனிக்க இனிக்கக் குளிர்ந்த வட்டிலப்பம்.

தொண்டை ஆறிவிட்டது. மர்சூக்தான் ஆறவில்லை. "எப்பிடி இரிக்கி?" என்று றாஹிலா கேட்டால் கழுத்தைப் பிடித்து, கண்ணைச் சொருகி, குரலே வராதவர் மாதிரி "ம்ஹும்" என்பார்.

ஐஸ்கிறீமுக்கு அடுத்தபடி அவர் உருகாமல் வைத்திருந்தது ஒரு கோபம். றாஹிலாவின் அண்ணன் ஸஹீத் காக்கா, தன் மூத்த மகளின் கலியாணத்தில் மர்சூக்கைச் சின்னப் பொடியன்களோடு ஒரே சஹனில் சாப்பிட இருத்திவிட்டார். தட்டில் இவர் கை வைக்குமுன் இறைச்சியைப் பொடியன்கள் முடித்துவிட்டார்கள். வெறுஞ் சோற்றை யார் மறப்பார்? நியாயம் மர்சூக் பக்கம்தான். அன்றிலிருந்து மச்சானோடு கதை பேச்சு இல்லை. ஸஹீதின் மகன் அஸ்கியைத் தன் மகள் பஸ்மினாவுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தும், ஒப்பரேசனுக்கு முந்தியே அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஏலா."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நோயாளி பார்க்க ஸஹீத் வந்தார். கூடவே பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் பக்கீர். ஸஹீதின் கையில் பெரிய ஐஸ்கிறீம் பெட்டி. நோயாளி பார்க்க வந்தவரை எப்படித் துரத்துவது? அதுவும் ஐஸ்கிறீமோடு வந்தவரை?

மர்சூக்கின் கிண்ணம் நிறைந்ததும் றாஹிலா ஆரம்பித்தாள்.

"மரைக்கார், பஸ்மினாட விசயத்தக் கதைச்சி முடிப்பம். இவருக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லட்டும்."

மர்சூக் தலையை இடமும் வலமும் ஆட்டினார். றாஹிலா பாய்ந்து வந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்தாள்.

"ஆட்டாதீங்க! உள்ளுக்குப் புண் பிரிஞ்சிரும்!"

கையை ஆட்டினார்.

"இன்னும் கேக்கார். போடு மகள்."

பஸ்மினா மூன்று கரண்டி போட்டாள். "வாப்பாக்குச் சந்தோசம் உம்மா. கண்ணெல்லாம் தண்ணி."

"அப்ப சரி, பாத்திஹா ஓதிச் சம்பந்தத்த முடிவாக்குவம்" என்று மரைக்கார் கையை உயர்த்தினார்.

"ஏலா!"

மர்சூக் கத்திய கத்து சம்மாந்துறை மில் வரைக்கும் கேட்டிருக்கும். எல்லாரும் திகைத்தார்கள், றாஹிலாவைத் தவிர.

"அல்லாஹு அக்பர்! இத்தின நாளா வராத குரல்! பாத்திஹா எண்டதும் வந்திட்டே, காக்கா!"

"பரக்கத்தான சம்பந்தம்" என்றார் மரைக்கார். "இத இனி வேணாமெண்டா அல்லாஹ் தந்த சுகத்தயே வேணாமெண்ட மாதிரி."

மர்சூக் மறுபடி வாயைத் திறந்தார். றாஹிலா அவர் காதருகே குனிந்தாள்.

"காலையில மீன்காரனோட சண்ட புடிச்ச குரல நான் கிணத்தடியில நிண்டு கேட்டன். மரைக்காருக்கிட்டச் சொல்லவா?"

வாய் மூடியது. பிறகு திறந்தது.

"சம்மதம்."

பாத்திஹா ஓதினார்கள். ஸஹீத் மச்சானைக் கட்டிப்பிடித்தார். றாஹிலா மர்சூக்கின் கிண்ணத்தை வாங்கி, மிச்ச ஐஸ்கிறீமை எல்லாருக்கும் பங்கு வைத்தாள்.

"எனக்கு?"

"ஒங்களுக்குத்தான் சுகம் வந்திட்டே!"

இரவு அவருக்குக் கிடைத்தது காய்ந்த ரொட்டியும் உறைப்பான கட்டச் சம்பலும். ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியைப் பூனை நக்கிக்கொண்டிருந்தது.